வண்டியின் மூச்சு

சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில் தெருப்பெயர்களே பழைய வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. கெர்பாவ் சாலை, பஃபலோ சாலை என்னும் இரண்டில் முன்னது மலாய்ப் பெயர், பின்னது ஆங்கிலப் பெயர். இரண்டும் குறிப்பது எருமையையே. ஒரு காலத்தில் மாட்டுக் கொட்டில்களும் மாட்டு வாணிகமும் அங்கே நிறைந்திருந்தன. அருகிலுள்ள ரேஸ் கோர்ஸ் சாலை, 1933ஆம் ஆண்டு புக்கிட் தீமாவுக்கு இடம்பெயர்ந்துவிட்ட குதிரைப் பந்தயத் திடலை நினைவூட்டுகிறது. மாடும் குதிரையும் வண்டி இழுத்த நாளில், வண்டிக்காரன் தன் விலங்கின் மூச்சைக் கேட்டே அதன் நலத்தை அறிந்தான். 1896ஆம் ஆண்டு முதல் மோட்டார் வண்டி இத்தீவில் இறங்கிய பின்னர், இழுப்பதும் எந்திரமாயிற்று. மூச்சு விடுவதும் எந்திரமாயிற்று. எந்திரத்தின் மூச்சைக் கேட்டறியும் செவி மட்டும் எல்லாருக்கும் வாய்த்துவிடவில்லை.

தேக்காவை அடுத்த அடுக்குமாடி வீடொன்றில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் தம் மனைவியுடன் வாழ்கிறார். 2009ஆம் ஆண்டு வாங்கிய ஜப்பானியக் கார் ஒன்று அவரிடம் உண்டு. வாங்கிய அன்றே சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலுக்கு அதைக் கொண்டுசென்று, சக்கரத்தின்கீழ் எலுமிச்சை வைத்து ஏற்றி, முதல் ஓட்டம் ஓட்டினார். பத்தாண்டுகள் முடிந்தபோது, வாகன உரிமைச் சான்றிதழை மேலும் பத்தாண்டுகளுக்குப் பெருந்தொகை கட்டிப் புதுப்பித்தார். புதிய கார் வாங்கும் வசதியும் இல்லை. பழையதை விட்டுவிடும் மனமும் இல்லை. அவர் மனைவிக்குச் சிறுநீரகங்கள் செயலிழந்துவிட்டன. வாரத்தில் மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்புக்குச் சென்று, நான்கு மணி நேரம் படுத்திருந்து, சோர்ந்து எழுந்து வருபவரை அழைத்துவர அந்தக் கார் வேண்டும்.

சிங்கப்பூரில் கார் ஒன்று மூன்றாண்டுகள் நிறைந்ததும் ஈராண்டுக்கு ஒருமுறையும், பத்தாண்டுகள் கடந்ததும் ஆண்டுதோறும் சோதனைக்குச் செல்ல வேண்டும். அதில் தேறினால்தான் சாலை வரியைப் புதுப்பிக்க இயலும். சாலை வரியில்லாத வண்டி சாலையில் ஓடலாகாது. 2025ஆம் ஆண்டுச் சோதனையில் ஆசிரியரின் கார் தோற்றது. தடைக்கருவி சரி, விளக்குகள் சரி, சக்கரங்கள் சரி. புகைபோக்கியிலிருந்து வரும் வாயுதான் தவறு. கார்பன் மோனாக்சைடின் அளவு 4.2 விழுக்காடு என்று சீட்டில் அச்சாகியிருந்தது. அந்தக் காருக்கு விதித்த எல்லை 3.5.

இந்த எல்லை ஒரே நாளில் வகுக்கப்பட்டதன்று. தூய்மைக்கேட்டைத் தடுக்கச் சிங்கப்பூர் 1970இல் தனிப்பிரிவு ஒன்றைப் பிரதமர் அலுவலகத்தின்கீழ் அமைத்தது. 1971இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. பின்னர் வண்டிகளின் வாயுவுக்கு அளவு கோலினர். 1986 அக்டோபருக்கு முன் பதிவான பெட்ரோல் வண்டிக்கு 6 விழுக்காடு, அதற்குப்பின் 1992 ஜூன் வரை பதிவானவற்றுக்கு 4.5, 1992 ஜூலை முதல் பதிவானவற்றுக்கு 3.5 என எல்லை படிப்படியாக இறுகியது. ஈயம் கலவாத பெட்ரோல் 1991இல் வந்தது. ஈயம் கலந்தது 1998இல் முற்றாக நின்றது.

இத்தனை கட்டுப்பாட்டுக்கும் காரணம் இல்லாமலில்லை. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. குருதியிலுள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பற்றுவதைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கும் மேலான இறுக்கத்துடன் இவ்வாயுவைப் பற்றிக்கொள்கிறது. பற்றிய இடத்தில் உயிர்க்காற்றுக்கு இடமில்லாமற் போகிறது. புகைபோக்கியின் வாய் இருப்பதோ தரையை ஒட்டி. நடைபாதையில் கைபிடித்து நடக்கும் குழந்தைக்கும், ஓரத்தில் அமர்ந்து பூத்தொடுக்கும் பெண்ணுக்கும் அது முகத்தருகே இருக்கிறது.

பெட்ரோல் எரிவதற்குக் கணக்கு ஒன்று உண்டு. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். காற்றுக் குறைந்து பெட்ரோல் மிகுந்தால் பாதி எரிந்த கரி கார்பன் மோனாக்சைடாக வெளியேறும். பெட்ரோல் மிகக் குறைந்தாலோ, தீப்பொறி தவறினாலோ, எரியாத பெட்ரோலே ஆவியாக வெளிவரும். இந்தக் கணக்கைக் காக்கவே காரில் இரண்டு காவலர்கள் இருக்கிறார்கள். ஒன்று, புகைக்குழாயில் செருகியுள்ள ஆக்சிஜன் உணர்கருவி. எரிந்தபின் எஞ்சும் ஆக்சிஜனை அளந்து கட்டுப்பாட்டுக் கணினிக்குச் சொல்வது. 1976இல் சுவீடனின் வால்வோ கார்களில் முதன்முதலில் பொருத்தப்பட்டது. மற்றொன்று வினையூக்கி மாற்றி. தேன்கூடு போன்ற அதன் நுண்துளைகளில் பிளாட்டினம், பல்லாடியம், ரோடியம் ஆகிய உயர்ந்த உலோகங்கள் பூசப்பட்டிருக்கும். ஏறத்தாழ 250 முதல் 300 டிகிரி வரை சூடேறியபின், நச்சு வாயுக்களைக் கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் நைட்ரஜனாகவும் அது மாற்றிவிடும்.

சீட்டை எடுத்துக்கொண்டு ஆசிரியர் முதலிற் சென்ற பட்டறையில், எண்ணைக் கண்டதுமே தீர்ப்பு வந்தது. "மாற்றி கெட்டுவிட்டது. புதிது போட வேண்டும்." செலவு ஆயிரம் வெள்ளிக்கு மேல். காரின் முன்மூடியைக்கூட அங்கு யாரும் திறக்கவில்லை. ஆசிரியர் மறுமொழி சொல்லாமல் வீடு திரும்பினார். முப்பது ஆண்டுகள் மதிப்பெண் இட்டுப் பழகிய அவருக்கு, அச்சான எண்ணைக் கண்டால் ஐயம் எழுவதில்லை. எண் தோற்றுவிட்டது, ஆகவே உறுப்பு தோற்றுவிட்டது என்றே அவரும் எண்ணினார்.

ஐயம் எழுந்தது அவர் மனைவிக்கு. தம் மருத்துவச் சீட்டுகளை நாள்வாரியாக அடுக்கி வைத்திருப்பவர் அவர். காரின் சோதனைச் சீட்டுகளையும் அதே கோப்பில்தான் வைத்திருந்தார்.

"ஏங்க, எனக்கு ஒரு நாள் எண் கூடினால் டாக்டர் உடனே மருந்தை மாற்றுகிறாரா? போன மாதம் என்ன, அதற்கு முந்தைய மாதம் என்ன என்றுதானே முதலில் பார்க்கிறார்?" என்று சொல்லி, பழைய சீட்டுகளை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார். 2022இல் 0.3. 2023இல் 1.2. 2024இல் 2.6. இப்போது 4.2.

ஆசிரியர் அவற்றை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று ஆண்டுகளும் கார் தேறியிருந்தது. தேறியது என்ற சொல்லைப் படித்துவிட்டுச் சீட்டை மடித்து வைத்தவர் அவரே. தேர்ச்சி என்ற சொல்லின்கீழ் எண் ஏறிக்கொண்டே வந்ததை அவர் கவனிக்கவில்லை.

அடுத்த நாள், பீஷான் பக்கத்துச் சின் மிங்கில் உள்ள மற்றொரு பட்டறைக்குச் சென்றார். பட்டறைகள் தளந்தளமாக அடுக்கிய கட்டடம் அது. அங்கிருந்தவர் முப்பது வயது மதிக்கத்தக்க தமிழ் இளைஞர். சீட்டுகள் நான்கையும் வாங்கிப் பார்த்த அவர், கருவி எதையும் எடுக்கவில்லை, கேள்விகளையே எடுத்தார்.

"ஐயா, சோதனைக்குப் போன அன்று வண்டி எவ்வளவு தூரம் ஓடியது? வரிசையில் இஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தீர்களா?"

ஆறாத சூட்டோடுதான் உள்ளே போனது என்றார் ஆசிரியர். மாற்றி குளிர்ந்திருந்ததால் வந்த தோல்வியன்று என்பது அதனால் தெளிந்தது.

"பெட்ரோல் முன்பைவிட அதிகம் குடிக்கிறதா?"

குடிக்கிறது. ஆனால் ஆசிரியர் அதைப் பெட்ரோல் விலையின் குற்றமாகவே கருதியிருந்தார்.

"பின்னால் நாற்றம் அடிப்பதாக யாராவது சொன்னார்களா?"

ஆசிரியருக்குச் சட்டென்று ஒருவர் நினைவு வந்தது. வெள்ளிக்கிழமைதோறும் பஃபலோ சாலையில் காரை ஓரங்கட்டி, இஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, இறங்கி முழம் பூ வாங்குவது அவர் வழக்கம். "ஐயா, வண்டியை அணைச்சிட்டு வாங்களேன். பெட்ரோல் நெடி தலையை வலிக்குது" என்று பூக்காரப் பெண் ஆறு மாதமாகச் சொல்லி வந்தார். அதை அவர் சிடுசிடுப்பு என்று எண்ணிச் சிரித்துவிட்டு வந்திருந்தார். கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை எனினும், அதனுடன் வரும் எரியாத பெட்ரோல் ஆவிக்கு மணமுண்டு. எந்தச் சோதனைக்கூடமும் சொல்வதற்கு முன்பே அந்தப் பெண்ணின் மூக்கு உண்மையைச் சொல்லிவிட்டது.

பின்னர் இளைஞர் ஆராயத் தொடங்கினார். செலவு குறைந்ததிலிருந்து செலவு மிகுந்ததற்குச் செல்வதே அவர் முறை. காற்று வடிகட்டியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அழுக்கு உண்டு, அடைப்பில்லை. ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாக வளைத்துப் பார்த்தார், வெடிப்பில்லை. புகைக்குழாயின் மூட்டுகளில் கசிவு உண்டா என்று தேடினார். அங்கே கசிவிருந்தால் வெளிக்காற்று உட்புகுந்து உணர்கருவியை ஏமாற்றும். காற்று மிகுதி என்று நம்பிய கணினி பெட்ரோலைக் கூட்டிவிடும். கசிவும் இல்லை. எண்ணெய் அளவுகோலை உருவி முகர்ந்தார். அதில் பெட்ரோல் மணம் வீசியது. எரியாத பெட்ரோல் எண்ணெயில் இறங்கியிருந்தது. சூடேறும்போது அதுவே ஆவியாகி மீண்டும் இஞ்சினுக்குட் சென்று அளவைக் கூட்டும். பிளக்குகளைக் கழற்றினார். நலமான பிளக்கின் நுனி இளம் பழுப்பு நிறமாயிருக்கும். இவையோ நான்கும் ஒரே சீராக, அடுப்புக்கரி பூசியவை போலக் கறுத்திருந்தன.

"ஒன்று மட்டும் கறுத்திருந்தால் அந்த ஒரு சிலிண்டரில் குறை. நான்கும் ஒன்றுபோலக் கறுத்திருந்தால், நான்குக்கும் சமைத்துப் போடுகிற இடத்தில் குறை" என்றார் அவர்.

சமைத்துப் போடுவது கட்டுப்பாட்டுக் கணினி. கணினியின் சொல்லைப் படிக்கும் சிறு கருவியைப் பொருத்திக்கொண்டு, ஆசிரியரை அருகில் அமர்த்திக் காரை அரை மணி நேரம் ஓட்டினார். அத்தனை ஓட்டத்துக்குப் பின்னும் குளிர்நீரின் வெப்பம் 60 டிகிரியை எட்டவில்லை. இயல்பான இஞ்சினில் அது 80 டிகிரியைத் தாண்டி நிற்க வேண்டும். கருவி பொய் சொல்கிறதோ என்று வெப்ப உணர்கருவியையும் சோதித்தார். அது சொன்னது மெய்யே. இஞ்சின் உண்மையாகவே குளிர்ந்திருந்தது. பட்டறைக்குத் திரும்பி, ரேடியேட்டர் குழாய் இஞ்சினோடு சேரும் மூடியைக் கழற்றினார். தெர்மோஸ்டாட் என்னும் சிறு கதவு இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

இஞ்சின் குளிர்ந்திருக்கையில் மூடி நின்று, 80 டிகிரியை ஒட்டிச் சூடேறியபின் திறந்து ரேடியேட்டருக்கு நீரை விடுவது அந்தக் கதவின் தொழில். கதவே இல்லையென்றால் நீர் முதல் நொடியிலிருந்தே சுற்றிக் குளிர்ந்துகொண்டிருக்கும். விடியற்காலைக் குளிரில் எழுந்த இஞ்சின்போலவே கணினி அதை நடத்தும். சூடேறட்டும் என்று கூடுதல் பெட்ரோலை ஊட்டும். அந்நிலையில் ஆக்சிஜன் உணர்கருவியின் முறையீட்டையும் அது முழுமையாகக் கேட்பதில்லை. மிகுந்த பெட்ரோல் கரியாகப் படிந்தது. கரி உணர்கருவியின் மீதும் படிந்து அதை மந்தமாக்கியது. மந்தமான உணர்கருவியால் எண் ஆண்டுக்கு ஆண்டு ஏறியது.

"மாற்றி கெடவில்லையா, தம்பி?" என்று கேட்டார் ஆசிரியர்.

"அதை இப்போது சொல்ல முடியாது, ஐயா. கார்பன் மோனாக்சைடை மாற்ற அதற்கு ஆக்சிஜன் வேண்டும். வருகிற வாயுவில் ஆக்சிஜனே இல்லையென்றால் அது என்ன செய்யும்? முதலில் அதற்கு வேலை செய்ய வழி விடுவோம். பிறகும் செய்யவில்லையென்றால் குற்றம் அதனுடையது. இப்போதே புதியதைப் போட்டால், இந்தப் பெட்ரோல் அதற்குள் எரிந்து புதியதையும் உருக்கிவிடும்."

கதவை எடுத்தது யார் என்ற கேள்விக்கு விடை தேட வேண்டியிருக்கவில்லை. 2022ஆம் ஆண்டின் இறுதியில், ஜொகூர் பாருவிலிருந்து திரும்பும் வழியில், கடற்பாலத்து நெரிசலில் கார் கொதித்து நின்றது. கிடைத்த பட்டறை ஒன்றில், அந்தக் கதவு இறுகிப்போயிற்று என்று எடுத்துக் காட்டினார்கள். புதிதுக்கு ஒரு நாள் காத்திருக்க வேண்டும் என்றபோது, "இந்த ஊர் வெயிலுக்கு அது எதற்கு? இல்லாமலே ஓடட்டும்" என்றவர் பட்டறைக்காரர், மகிழ்ந்து தலையசைத்தவர் ஆசிரியர். அன்று மிச்சமானது சில பத்து வெள்ளி. அன்று முதல் கருவிப் பலகையில் வெப்பம் காட்டும் முள் கீழேயே கிடந்தது. கார் சூடாகாமல் ஓடுகிறதே என்று அவர் பெருமையும் பட்டிருக்கிறார்.

ஜாலான் புசார் ஓரத்துத் தெருக்களில் இரும்புச் சாமான்களும் உதிரிப்பாகங்களும் விற்கும் கடைகள் இன்னும் இருக்கின்றன. புதிய தெர்மோஸ்டாட்டை அங்கிருந்தே ஆசிரியர் வாங்கி வந்தார். உள்ளங்கையில் அடங்கும் பித்தளைத் துண்டு அது. இளைஞர் அதைப் பொருத்தி, எண்ணெயும் பிளக்குகளும் மாற்றி, மந்தமான ஆக்சிஜன் உணர்கருவியையும் மாற்றினார். வேலை நடந்துகொண்டிருக்கையில், ஆசிரியர் தம் தொழிலைச் சொல்ல, அவர் சிரித்தார்.

"நான் தமிழில் தோற்றவன், ஐயா. அப்பாவுக்குக் காய்கறிக் கடை. விடியற்காலை நாலு மணிக்கு மூட்டை இறக்கப் போவேன். முதல் பாடவேளை தமிழ். தூங்கிவிடுவேன்."

"ஆசிரியரிடம் சொல்லவில்லையா?"

"யாரும் கேட்கவில்லையே, ஐயா."

அவர் குறையாகச் சொல்லவில்லை. திருகாணியை இறுக்கியபடி, நடந்ததைச் சொல்வதுபோலவே சொன்னார். ஆசிரியருக்குத்தான் அது உள்ளே இறங்கியது. அவருடைய வகுப்புகளிலும் முதல் பாடவேளையில் தூங்கிய மாணவர்கள் இருந்தார்கள். அவர்களுடைய தாள்களில் சிவப்பு மையால் அவர் எண்ணை எழுதினார். எண்ணின்கீழ்ச் 'சோம்பல்' என்றும் சில வேளை எழுதினார். முன்மூடியைத் திறக்காமலே மாற்றியைப் பழித்த பட்டறைக்காரருக்கும் தமக்கும் என்ன வேறுபாடு என்ற வினாவுக்கு அவரால் விடை சொல்ல இயலவில்லை. தோற்றவர்களையேனும் அவர் பார்த்தார். ஆண்டுதோறும் சிறிது சிறிதாகச் சரிந்துகொண்டே, எல்லைக்குள் நின்றுவிட்டதால் எவர் கண்ணிலும் படாமற்போனவர்கள் எத்தனை பேரோ!

திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரத்தைப் பல்லாண்டுகள் நடத்தியவர் அவர். பிணி இன்னதென்று அறிந்து, அது பிறந்த இடத்தையும் அறிந்து, தணிக்கும் வழியைத் தெரிந்த பின்னரே செயலில் இறங்குமாறு வள்ளுவர் வகுத்த ஒழுங்கை எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதியிருக்கிறார். பிணியாளர், மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு அருகிருந்து துணைசெய்பவரையும் நான்காவதாக வள்ளுவர் சேர்த்தது ஏன் என்று தேர்வில் வினாவும் கேட்டிருக்கிறார். அந்த வினாவின் விடை தம் வீட்டு மேசைமேல் நான்கு சீட்டுகளாக வரிசையிட்டுக் கிடந்ததை அவர் இப்போதுதான் உணர்ந்தார். சீட்டுகளை ஒருவர் அடுக்கி வைத்திராவிடில், ஆயிரம் வெள்ளி மாற்றியும் வீணாகியிருக்கும்.

மறுசோதனையில் எண் 0.2 என்று வந்தது. பழைய மாற்றியே வேலை செய்தது. இத்தனை நாளும் அதற்கு வேண்டிய ஆக்சிஜன் கிடைக்கவில்லை, அவ்வளவே. சாலை வரி புதுப்பிக்கப்பட்டது. அந்த வெள்ளிக்கிழமை, பஃபலோ சாலையில் ஆசிரியர் இஞ்சினை அணைத்துவிட்டே இறங்கினார். பூக்காரப் பெண்ணிடம், "நீங்கள் சொன்னது சரிதானம்மா. வண்டியில் கோளாறு இருந்தது" என்றார். அப்பெண் ஒரு கணம் விழித்துவிட்டு, முழத்தோடு இரண்டு விரற்கடை கூட்டி அளந்து கொடுத்தார்.

அண்டை வீட்டுப் பையன் ஒருவன் சனிக்கிழமைதோறும் ஆசிரியரிடம் கட்டுரை திருத்திக்கொள்ள வருவான். அந்த வாரமும் பாதியில் நின்ற கட்டுரையோடுதான் வந்தான். ஆசிரியர் சிவப்புப் பேனாவை எடுக்கவில்லை. சென்ற மாதத்துக் கட்டுரைகளையும் கொண்டுவரச் சொல்லி, எல்லாவற்றையும் மேசையில் வரிசையாக வைத்தார். "எந்த இடத்திலிருந்து எழுத வரவில்லை, தம்பி?" என்று கேட்டார். பையன் முதலில் பேசவில்லை. பிறகு பேசினான்.

செவ்வாய்க்கிழமை விடியலில் மனைவியைச் சுத்திகரிப்புக்கு அழைத்துச் சென்றார். சிராங்கூன் சாலையைக் கடந்து சிறிது தொலைவு செல்வதற்குள், மூன்று ஆண்டுகளாகக் கீழே கிடந்த முள் மெல்ல எழுந்து நடுவில் வந்து நின்றது. மனைவி அதைச் சுட்டிக் காட்டினார். "பார்த்தேன்" என்றார் ஆசிரியர்.